10 அங்குல டெப்பில் டோக்பேக்: ஸ்வைப் ஒருக்கா பிடிக்குது, ஒருக்கா பிடிக்குதில்ல

விசேடகல்வி_அக்கரைப்பற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். விசேட கல்வி அலகில தரம் 9 பிள்ளை ஒருவருக்கு டெப் பழக்க வேண்டியிருக்கு. பிள்ளைக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. கையில இருக்கிறது சம்சுங் கலக்ஸி டெப் ஏ8, 10.5 அங்குலம், அண்ட்ரொய்ட் 13. டோக்பேக் (திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற வசதி) போட்டாச்சு, கதைக்குது. அதுக்குப் பிறகுதான் சிக்கல்.

வலப்பக்கம் ஸ்வைப் பண்ணினா சில நேரம் அடுத்த விசயத்துக்குப் போகுது. சில நேரம் விரலுக்குக் கீழ என்ன இருக்கோ அதை வாசிக்குது. சில நேரம் முழுப் பக்கமுமே நகருது. இதே பிள்ளை சின்ன போனில பிழையில்லாமச் செய்யுது. பின்னால போறதுக்குரிய சைகை, அதான் கீழ இழுத்து இடப்பக்கம் திருப்புறது, பத்துக்கு இரண்டு தரம்தான் சரி வருது. செட்டிங்ஸுக்குள்ள போனா இடப்பக்கப் பட்டியலுக்குள்ளயே சுத்திக்கொண்டு நிக்குது, வலப்பக்கம் திறக்கிறதைக் கண்டுபிடிக்க முடியல்ல. இங்கிலிஷ் நல்லா வாசிக்குது, தமிழ் வந்தா ஊமை. பாடநூல் பிடிஎஃப் திறந்தா வாசிக்கிறது எந்த மொழி எண்டே தெரியல்ல.

எந்த ஒழுங்கில பழக்கினா நல்லம்? தெரிஞ்சவங்க விளக்கமாச் சொல்லுங்க.


கல்லடி_பயிற்றுநர் எழுதியது:

டீச்சர், போனில சரியா வந்து டெப்பில பிழைக்குது எண்டா முதலில பார்க்க வேண்டியது பிள்ளை டெப்பை எப்படிப் பிடிக்குது எண்டதை. அந்த டெப் 508 கிராம், கவர் போட்டா இன்னும் கூட. பாரமான பொருளை ஒரு கையால பிடிக்கிற பிள்ளை இடது பெருவிரலைக் கண்ணாடிக்கு மேல வைச்சு இறுக்கும். டோக்பேக்குக்கு அந்தப் பெருவிரலும் ஒரு விரல்தான். வலது கையால ஒரு விரல் ஸ்வைப் பண்ண, டோக்பேக் அதை இரண்டு விரல் ஸ்வைப் எண்டு எடுக்கும். இரண்டு விரல் ஸ்வைப் எண்டா பக்கம் நகரும். நீங்க சொன்ன “முழுப் பக்கமும் நகருது” பெரும்பாலும் இதுதான். டெப்பை மேசையில வைச்சிட்டு இரண்டு கையையும் விடச் சொல்லிப் பாருங்க.

மேசையில வைக்கேக்க கீழ வழுக்காத றப்பர் விரிப்பு ஒண்டு, மேல் விளிம்புக்கு அடியில தடிச்ச கொப்பி ஒண்டு. சரிவு கொஞ்சம் இருந்தா மணிக்கட்டு திரையில படியாது, உள்ளங்கை தொட்டுப் பிழைக்கிறதும் குறையும். சம்சுங்கில உள்ளங்கையால திரையை வழிச்சா திரையைப் படம் பிடிக்கிற வசதி ஒண்டு இருக்கு. ‘அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸ்’ உள்ள போய் அதை அணைச்சு விடுங்க.

அடுத்தது வேகம். ஒரு விரலை மெதுவா நகர்த்தினா டோக்பேக்குக்கு அது ‘தடவிப் பார்த்தல்’: விரல் போற இடமெல்லாம் வாசிக்கும். சடக்கெண்டு இழுத்துத் தூக்கினா அது ‘ஸ்வைப்’: அடுத்ததுக்குப் போகும். இரண்டையும் பிரிக்கிறது வேகம் மட்டும்தான். பெரிய திரையைக் கண்டதும் பிள்ளைகள் அந்தக் கரையில இருந்து இந்தக் கரை வரைக்கும் நீளமா இழுப்பாங்க. நீளமா இழுக்கேக்க வேகம் குறையுது, டோக்பேக் அதைத் தடவல் எண்டு முடிவெடுக்குது. மூண்டு நாலு சென்ரிமீற்றர் போதும். திரை எவ்வளவு பெரிசானாலும் ஸ்வைப் நீள வேண்டியதில்ல.

ஸ்வைப்பைத் திரையில எந்த இடத்திலயும் செய்யலாம், இரட்டைத் தட்டும் அப்படித்தான். தெரிவாகின பொருளுக்கு மேலதான் தட்ட வேணும் எண்டு பலர் நினைச்சு, டெப்பில அதைத் தேடித்தேடித் தட்டுவாங்க. தேடுற விரல் வேற ஒண்டில பட்டதும் தெரிவு மாறிப் போயிடும், பிறகு பிழையானதுதான் திறக்கும். பிள்ளைக்கு வசதியான ஒரு இடத்தை, வலது கீழ்ப் பக்கத்தில கையளவு, ‘தட்டுற இடம்’ எண்டு ஒதுக்கிக் குடுங்க. ஸ்வைப்பும் தட்டும் அங்க மட்டும்.

பின்னால போற சைகை ஒரே இழுப்பில வர வேணும். கீழ போய், நிக்காம, இடப்பக்கம். மூலையில விரல் ஒரு கணம் தங்கினாலும் தடவலா மாறிடும். மூலையை வளைச்சு விட்டா சரிவுக் கோடாகி ஒண்டும் நடக்காது. உங்களுக்கு விளங்கச் சொல்றதெண்டா, ‘ட’ எழுதினா டோக்பேக் மெனு திறக்கும், அந்த ‘ட’வைக் கண்ணாடியில பார்த்த மாதிரி எழுதினா பின்னால போகும். பிள்ளைக்கு அந்த வடிவத்தை மட்டையில வெட்டிக் குடுத்து, விளிம்பு வழியா விரலை ஓட்டப் பழக்குங்க. வடிவத்தின்ட இரண்டு கோடும் சம நீளம். மேசையில சரி வந்த பிறகு திரைக்கு வாங்க. பிள்ளையின்ட கைக்கு மேல உங்க கையை வைச்சு அழுத்திப் பழக்கிறதைத் தவிருங்க, இரண்டு பேரின்ட விரலும் கண்ணாடியில பட்டுப் பிழைக்கும். உங்க கைக்கு மேல பிள்ளையின்ட கை இருக்கட்டும்.

டோக்பேக் செட்டிங்ஸில ‘டியூட்டோரியல்’ பகுதிக்குள்ள சைகை பயிற்சி செய்யிற இடம் இருக்கு. அங்க செய்யிற சைகை எதையும் திறக்காது, என்ன சைகை செய்தீங்க எண்டு பேரை மட்டும் சொல்லும். பிள்ளை செய்யிறதை டோக்பேக் எப்படி விளங்கிக்கொள்ளுது எண்டு அறிய இதைவிட நல்ல வழியில்ல. ‘கீழ பிறகு இட’ எண்டு செய்ய ‘கீழ’ மட்டும் சொல்லிச்செண்டா இரண்டாவது கோடு கட்டையாப் போகுது. ஒண்டுமே சொல்லாட்டி வேகம் போதாது.

ஒழுங்கைக் கேட்டீங்க. முதலில ஒரு விரல் வல, இட ஸ்வைப், இரட்டைத் தட்டு, பின்னால போறது, முகப்புக்குப் போறது (மேல பிறகு இட), கதையை நிப்பாட்டுற இரண்டு விரல் ஒற்றைத் தட்டு. இவ்வளவும் கைக்கு வராம மூண்டு விரல் பக்கம் போகாதீங்க. நிப்பாட்டுறதைக் கடைசிக்குத் தள்ளி விடவும் கூடாது. கதைச்சுக்கொண்டே இருக்கிற டெப்பை அடக்கத் தெரியாட்டி பிள்ளைக்கு அது மேல வெறுப்பு வந்திடும்.


நிந்தவூர்_கணினி எழுதியது:

கல்லடி அண்ணன் சொன்ன பெருவிரல் கதை நூறு வீதம் சரி. அதோட இரண்டு சேர்க்கிறன். வேர்வை ஈரமும் திரையைக் குழப்பும். தொடுதிரை விரலின்ட மின் கடத்தலை வைச்சுத்தான் இடத்தைக் கணிக்குது. ஈரம் பரவினா தொட்ட இடம் விரிஞ்சு, ஒரு விரல் இரண்டாத் தெரியும், இல்லாட்டி இழுப்பு நடுவில அறுந்து போகும். நம்மட பக்கத்து வெயிலுக்கு, ஃபேன் இல்லாத வகுப்பில, உலர்ந்த பருத்தித் துணி ஒண்டு பக்கத்தில இருக்கட்டும். மற்றது சார்ஜர். மலிவான சார்ஜர் குத்தியிருக்கேக்க திரை தானாத் தட்டுப்படுற மாதிரி நடக்கும், சார்ஜரால வாற மின் இரைச்சல் அது. பழக்கிற நேரம் சார்ஜரைக் கழட்டி விடுங்க.

ஆனா ஸ்வைப்பில தொடங்கிறது எனக்குச் சரியாப் படல்ல. போனுக்கு அது பொருந்தும். 10 அங்குலத்தில ஒரு பக்கத்தில முப்பது, நாப்பது விசயம் கிடக்கும். கடைசியில இருக்கிற பட்டனுக்கு ஒவ்வொண்டாத் தள்ளிக்கொண்டு போறதுக்குள்ள பிள்ளைக்குச் சலிச்சுப் போகும். டெப்பின்ட பலமே அதின்ட அகலம்: இடம் நினைவில நிக்கும். அதால முதலில தடவிப் பார்க்கப் பழக்க வேணும் எண்டதுதான் என்ட கருத்து.

அதுக்கு டெப்பைத் தயார்படுத்த வேணும். தானாச் சுழல்ற வசதியை அணைச்சு, அகலவாட்டில நிரந்தரமா வைங்க. சுழண்டா எல்லா இடமும் மாறிப் போகும், கண்ணால பார்க்காதவருக்கு அது வீட்டுச் சாமான் முழுக்க இடம் மாத்தி வைச்சதுக்குச் சமன். முகப்பில ஒரே ஒரு பக்கம், நாலு மூலையில நாலு அப், அவ்வளவுதான். பிறகு ஹோம் ஸ்க்ரீன் செட்டிங்ஸில அடுக்கைப் பூட்டி விடுங்க. பூட்டாட்டி இரட்டைத் தட்டிப் பிடிச்ச நேரம் ஐகன் இடம் மாறிடும். கீழ இருக்கிற வழிசெலுத்தலை, ‘டிஸ்ப்ளே’க்குள்ள ‘நேவிகேஷன் பார்’ போய், சைகையில இருந்து பட்டனுக்கு மாத்துங்க. பின்னால போற சைகை பிடிபடுற வரைக்கும் கீழ் விளிம்பில இருக்கிற பட்டனைத் தடவித் தட்டலாம். அந்த பட்டனுக்கு நேர கண்ணாடிக்கு வெளியில, சட்டத்தில, நகப்பூச்சு ஒரு துளி விட்டுக் காய வைச்சா விரலுக்குத் தட்டுப்படும். கண்ணாடிக்கு மேல விடாதீங்க.

செட்டிங்ஸ் சிக்கலுக்கும் பதில் இதுதான். டெப்பில செட்டிங்ஸ் இரண்டு பலகையாத் திறக்குது, இடப்பக்கம் தலைப்புகள், வலப்பக்கம் அதின்ட உள்ளடக்கம். ஸ்வைப் இடப்பலகை முழுக்க முடிஞ்சுதான் வலத்துக்குத் தாண்டும். பிள்ளை ‘டிஸ்ப்ளே’யை இரட்டைத் தட்டினதும் வலப்பலகை மாறுது, ஆனா தெரிவு இடப்பக்கத்திலயே நிக்குது. ஒரு விரலைத் திரையின்ட வல அரைவாசியில, மேல இருந்து கால் பங்கில வைச்சா வலப்பலகைக்குள்ள குதிச்சிடும். அதுக்குப் பிறகு ஸ்வைப் பண்ணலாம். ஜிமெயில் போல இரண்டு பலகையாத் திறக்கிற எதிலயும் இதே கதைதான்.

தமிழ்க் குரலுக்கு வாறன். சம்சுங்கில அதின்ட சொந்தக் குரல் இயந்திரம் தெரிவாகியிருக்கும். ‘ஜெனரல் மேனேஜ்மென்ட்’டுக்குள்ள ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ போய், கூகுளின்ட இயந்திரத்தைத் தெரிவு செய்யுங்க. பக்கத்தில இருக்கிற பல்சக்கரத்தைத் தட்டி, குரல் தரவு நிறுவுற இடத்தில தமிழைத் தேடி இறக்குங்க. ‘தமிழ் இந்தியா’ எண்டு வரும், அதுதான் இருக்கிறது. வைஃபை உள்ள இடத்தில இறக்கிட்டா பிறகு டேட்டா இல்லாமலே கதைக்கும். இங்கிலிஷ் குரல் தமிழ் எழுத்தைக் கண்டா பல நேரம் வாசிக்காமத் தாண்டிடும், அதான் உங்களுக்கு ஊமையாத் தெரியுது. தமிழ்க் குரலைப் பிரதானமா வைச்சா இடையில வாற இங்கிலிஷ் சொல்லையும் அது வாசிக்கும், உச்சரிப்புக் கொஞ்சம் வேற மாதிரி. இங்கிலிஷ் பாட நேரத்தில டோக்பேக் மெனுவுக்குள்ள பேச்சு மொழியை மாத்தி எடுங்க. சிங்களப் படிவம் வந்தா கூகுளில சிங்களக் குரலும் இருக்கு, அதையும் இறக்கி வைங்க. தமிழ்க் குரலிட்ட சிங்கள எழுத்தைக் குடுத்துப் பிரயோசனமில்ல.

ஈஸ்பீக் எண்டு இலவச இயந்திரம் ஒண்டும் இருக்கு. குரல் இயந்திரத்தனமா இருக்கும், ஆனா மிக வேகமா ஓட விட்டாலும் எழுத்து விளங்கும், நினைவகமும் கொஞ்சம்தான் பிடிக்கும். கேட்டுப் பழகினவங்க இதை விட மாட்டாங்க. பழகாத பிள்ளைக்கு முதல் நாளே குடுத்தா காதைப் பொத்தும். ஆனாலும் நிறுவி வைங்க, காரணம் இருக்கு: கூகுள் குரல் பிளே ஸ்டோரில புதுப்பிக்கப்படுற நேரம் டெப் நடுவில ஊமையாகும். பிளே ஸ்டோரில அந்த அப்பின்ட பக்கத்தில மூண்டு புள்ளியைத் தட்டி தானியங்கிப் புதுப்பிப்பை எடுத்து விடுங்க, நீங்க பக்கத்தில இருக்கேக்க கையால புதுப்பிக்கலாம். ‘பேட்டரி’க்குள்ள உறங்க விடக் கூடாத அப் பட்டியலிலயும் அதைச் சேருங்க.


கல்லடி_பயிற்றுநர் எழுதியது:

தம்பி, நாலு ஐகன் உள்ள முகப்புக்குத் தடவல் நல்லம், ஒத்துக்கொள்றன். புதுப் பக்கம் ஒண்டில தடவல் மட்டும் தெரிஞ்ச பிள்ளை வெற்றிடத்தில விரலை வைச்சிட்டு ‘இங்க ஒண்டுமில்ல’ எண்டு விட்டுப் போகும். திரையில என்னென்ன இருக்கு எண்டு ஒண்டும் விடாம அறிய ஸ்வைப்தான். மறுபக்கம், ஸ்வைப் ஒழுங்கு அப் எழுதினவர் வைச்ச ஒழுங்கு. மூலையில மிதக்கிற பட்டன் சிலது அந்த ஒழுங்கில கடைசியில வரும், சில அப்பில வரவே வராது. அதுக்குத் தடவல் வேணும். உத்தேசமான இடத்தில விரலை வைச்சு, அங்க இருந்து இரண்டு மூண்டு ஸ்வைப்பில சரியான பொருளைப் பிடிக்கிறது எண்டு இரண்டையும் சேர்த்துப் பழக்கினா சண்டை முடிஞ்சுது. ஆனா முதல் கிழமை ஸ்வைப்தான் எண்டதில நான் நிக்கிறன்.

மறந்து போனது ஒண்டு: நிறைய டெப்பில அதிர்வு மோட்டார் இல்ல. போனில ஒவ்வொரு பொருளைத் தாண்டேக்கயும் விரலுக்கு ஒரு சின்ன அதிர்வு வரும், பிள்ளை அதை நம்பியிருக்கும். டெப்பில அது வராட்டி சைகை பிடிக்கல்ல எண்டு நினைச்சுத் திரும்பவும் செய்யும், அப்ப இரண்டு பொருள் தாண்டிப் போயிடும். டோக்பேக் செட்டிங்ஸில ஒலி அடையாளங்களைப் போட்டு வைங்க. அந்த ‘டிக்’ சத்தத்தை நம்பப் பழக்கிறதே ஒரு பாடம். புளூடூத் இயர்போனில சத்தம் பிந்தி வரும், அதாலயும் இரட்டிப்பு நடக்கும். டெப் ஏ8இல வயர் இயர்போன் குத்துற துளை இருக்கு, பழக்கிற காலத்தில அதைப் பாவியுங்க.

சத்தம் குறைஞ்சா: டோக்பேக்கின்ட சத்தமும் பாட்டு, வீடியோச் சத்தமும் வேற வேற. டோக்பேக் கதைக்கிற அதே நேரத்தில வொலியூம் கீயை அழுத்தினாத்தான் அதின்ட சத்தம் மாறும். மௌனமா இருக்கேக்க அழுத்தினா மற்றது மாறும்.

மூண்டு விரலுக்கு வந்த பிறகு: மூண்டு விரல் ஒற்றைத் தட்டு டோக்பேக் மெனு. மூண்டு விரலை மேல அல்லது கீழ ஸ்வைப் பண்ணினா வாசிப்புக் கட்டுப்பாடு மாறும்: எழுத்து, சொல், வரி, பந்தி, தலைப்பு, பேச்சு வேகம் எண்டு. ஒண்டைத் தெரிவு செய்த பிறகு ஒரு விரலை மேல, கீழ ஸ்வைப் பண்ணி அந்த அலகில நகரலாம். வலைப்பக்கத்தில ‘தலைப்பு’ எண்டு வைச்சா ஒரு பக்கம் முழுக்கக் கேட்காம தலைப்புத் தலைப்பாத் தாண்டலாம். ஓடிபி போல இலக்கம் வந்தா ‘எழுத்து’ எண்டு வைச்சு ஒவ்வொரு இலக்கமாக் கேட்கலாம், இல்லாட்டி இலட்சக் கணக்கில ஒரு தொகையா வாசிச்சிட்டுப் போயிடும். இந்தப் பல விரல் சைகைகள் அண்ட்ரொய்ட் 11இல இருந்துதான். வீட்டில பழைய டெப் இருந்தா அங்க இது வேலை செய்யாது, ‘ட’ சைகையால மெனு திறக்க வேணும்.

இரண்டு விரலால உருட்டேக்க விரல் இரண்டும் இரண்டு சென்ரிமீற்றர் அளவு விலகி, ஒரே திசையில, சமாந்தரமாப் போக வேணும். டோக்பேக் இந்த இரண்டு விரலை ஒரு விரலா மாத்தி அப்புக்குக் குடுக்குது. போற வழியில விரல்கள் கிட்ட வந்தா பெருப்பிக்க, சிறுப்பிக்கக் கிள்ளுற சைகையாகிடும். வரைபடமோ படமோ திறந்திருந்தா உடனே தெரியும்.


விசேடகல்வி_அக்கரைப்பற்று எழுதியது:

பெரிய உபகாரம். மேசையில வைச்சதும் பக்கம் நகர்றது நிண்டிட்டு. வலப்பலகைக்கு விரலை வைக்கிறதும் சரி. தமிழ்க் குரலும் வந்திட்டு.

பிடிஎஃப் மட்டும் இன்னும் அப்படியே. ஒரு பாடக்குறிப்பில தமிழ் எழுத்துத்தான் தெரியுது, டோக்பேக் இங்கிலிஷ் எழுத்தைக் கன்னாபின்னாவா வாசிக்குது. இன்னொண்டில ஒண்டுமே வாசிக்குதில்ல. மூண்டாவதில தமிழ்தான், ஆனா சொல் சிதைஞ்சு வருது. மற்றது, பிள்ளைக்குத் தமிழில தட்டச்சுச் செய்ய எது லேசு?


வந்தாறுமூலை_எழுத்துரு எழுதியது:

டீச்சர், மூண்டும் மூண்டு வேற நோய். மருந்தும் வேற.

இங்கிலிஷ் எழுத்தா உளறுறது பாமினி போன்ற பழைய எழுத்துரு. உள்ள சேமிச்சிருக்கிறது உண்மையிலயே இங்கிலிஷ் எழுத்துகள்தான், அதுக்கு மேல தமிழ் உருவம் போர்த்தியிருக்கு. கண்ணுக்குத் தமிழ், திரைவாசிப்பானுக்கு இங்கிலிஷ். நம்மட நாட்டில இப்பவும் வினாத்தாள், சுற்றறிக்கை, குறிப்பு எண்டு நிறைய இப்படி வருது. எழுத்துகளைப் பிரதி பண்ணி, பாமினியில இருந்து யூனிகோடுக்கு (தமிழைத் தமிழாவே சேமிக்கிற பொது முறை) மாத்துற இணையக் கருவி ஒண்டில ஒட்டி மாத்தி எடுங்க. கவனம்: இடையில உண்மையான இங்கிலிஷ் சொல் இருந்தா, அந்தக் கருவி அதையும் தமிழ் உளறலாக்கிடும். விஞ்ஞானக் குறிப்பில குறியீடு, அலகு எல்லாம் இப்படிக் கெடும். அந்த வரிகளை மூலத்தோட ஒப்பிட்டுக் கையால திருத்த வேணும். இதைப் பிள்ளையிட்ட விட ஏலாது, பார்வையுள்ள ஒருவர் செய்ய வேண்டிய வேலை.

ஒண்டுமே வாசிக்காதது ஸ்கேன் பண்ணின படம். அதில எழுத்தே இல்ல. கணினியில கூகுள் ட்ரைவுக்கு ஏத்தி, அங்க இருந்து ‘கூகுள் டொக்ஸ்’ ஆகத் திறந்தா படத்தில இருக்கிற தமிழை எழுத்தா மாத்தித் தரும். கோப்பு 2 எம்பிக்கு மேல போகாம, பாடம் பாடமாப் பிரிச்சு ஏத்துங்க. பக்கம் நேரா நிக்க வேணும், சரிஞ்ச ஸ்கேன் நிறையப் பிழை விடும். இரண்டு நிரலாப் பிரிச்ச பக்கமும் அட்டவணையும் ஒழுங்கு குழம்பி வரும், படத்துக்குக் கீழ உள்ள சொற்கள் நடுவில விழும். ஒரு தரம் வாசிச்சுத் திருத்தாமப் பிள்ளையின்ட கையில குடுக்காதீங்க.

சிதைஞ்ச தமிழ்தான் ஏமாத்துறது. யூனிகோடில அடிச்ச கோப்பைப் பிடிஎஃப் ஆக்கேக்க ‘கொ’, ‘கை’ போன்றதில கொம்பு முன்னுக்கு வந்து எழுத்து ஒழுங்கு மாறும், சில கூட்டெழுத்து விழுந்து போகும். பார்க்க அழகா இருக்கும், கேட்க விளங்காது. மூலக் கோப்பு ஆரிட்ட இருக்கோ அவரிட்ட வேர்ட் கோப்பாவே கேளுங்க. கிடைக்காட்டி இதையும் படம் போலக் கணிச்சு மேல சொன்ன வழியில போங்க, பிரதி பண்ணித் திருத்திறதைவிட அது கெதியா முடியும்.

நீங்களே புதுக் குறிப்புத் தயாரிக்கிறதெண்டா யூனிகோடில அடியுங்க, பிடிஎஃப் ஆக்காதீங்க. தலைப்பை எழுத்துப் பெருப்பிச்சு மட்டும் காட்டாம, வேர்டில இருக்கிற ‘ஹெடிங்’ பாணியைக் குடுங்க. வலைப்பக்கமாச் சேமிச்சு குரோமில திறந்தா, கல்லடி அண்ணன் சொன்ன ‘தலைப்பு’ கட்டுப்பாட்டால பிள்ளை அலகு அலகாத் தாவலாம். படத்துக்குக் கீழ இரண்டு வரியில என்ன படம் எண்டு எழுதுங்க. ‘உரு 3.2’ எண்டு மட்டும் எழுதினா பிள்ளைக்கு ஒண்டும் கிடைக்கல்ல.

தட்டச்சுக்கு கூகுளின்ட விசைப்பலகை அப், ஜிபோர்ட் வைச்சுக்கொள்ளுங்க. டோக்பேக் செட்டிங்ஸில விரலைத் தூக்கினதும் எழுத்து விழுற முறையும் இருக்கு, இரட்டைத் தட்டினாத்தான் விழுற முறையும் இருக்கு. பழகிற பிள்ளைக்கு இரண்டாவது. பிழை குறையும், வேகமும் குறையும், பரவாயில்ல. 10 அங்குலத்தில அகலவாட்டு விசைப்பலகை விரிஞ்சு கிடக்கும், தமிழ் உயிர்க்குறிகளைத் தேடியே களைச்சுப் போகும். பெரிய அளவில எழுதிறதெண்டா புளூடூத் விசைப்பலகை ஒண்டு வாங்கிக் குடுக்கிறது நியாயம். குரலால எழுதிறதுக்கு மொழிப் பட்டியலில ‘தமிழ் இலங்கை’ எண்டே இருக்கு, அதைச் சேருங்க. இயர்போன் போடாமக் குரல் எழுத்துப் பாவிச்சா டோக்பேக் கதைக்கிறதையும் மைக் கேட்டு எழுதிப் போடும்.


ஏறாவூர்_உம்மா எழுதியது:

எங்கட வீட்டில இருக்கிறது ஐபேட். மேல சொன்னதெல்லாம் அதுக்கும் சரியா? ஒரு நாள் திரை கறுப்பாப் போய் வெளிச்சமே இல்ல, ஆனா கதைக்குது. பழுதாயிட்டா காக்கா?


நிந்தவூர்_கணினி எழுதியது:

பழுதில்ல ராத்தா. அது திரைச்சீலை (‘ஸ்க்ரீன் கர்ட்டன்’) எண்டு ஒரு வசதி: மூண்டு விரலால மூண்டு தரம் தட்டினா திரை அணைஞ்சு குரல் மட்டும் ஓடும். திரும்ப அதே மாதிரித் தட்டுங்க, வெளிச்சம் வரும். பெருப்பிக்கிற ‘சூம்’ வசதியும் போட்டிருந்தா நாலு தரம் தட்ட வேணும். குரல் நிண்டு போனா மூண்டு விரலால இரண்டு தரம் தட்டினது காரணமா இருக்கும், சூம் போட்டிருந்தா அதுக்கு மூண்டு தரம்.

மேசை, பெருவிரல், ஈரம், சுழற்சி, பிடிஎஃப் எல்லாம் ஐபேடுக்கும் அப்படியே. சைகை மாறும். அங்க டோக்பேக்குக்குப் பதில் வொய்ஸ்ஓவர். ஒரு விரல் ஸ்வைப்பும் இரட்டைத் தட்டும் ஒண்டுதான். உருட்டுறதுக்கு இரண்டு விரலில்ல, மூண்டு விரல். பின்னால போறதுக்கு இரண்டு விரலால இசட் வடிவில சடசடெண்டு தேய்க்க வேணும். வாசிப்புக் கட்டுப்பாட்டுக்குப் பதில் ரோட்டர்: இரண்டு விரலைத் திரையில வைச்சுக் குமிழ் திருப்பிற மாதிரித் திருப்பினா எழுத்து, சொல், தலைப்பு எண்டு மாறும். சின்னக் கைக்கு இது கஷ்டம் எண்டா, ஒவ்வொரு கையிலயும் ஒரு விரல் எடுத்து எதிரெதிராச் சுழட்டலாம், அதுவும் பிடிக்கும். நாலு விரலால திரையின்ட மேல் பகுதியில தட்டினா முதல் பொருள், கீழ்ப் பகுதியில தட்டினா கடைசிப் பொருள், பெரிய திரையில இது மிச்சம் உதவி. நாலு விரல் இரட்டைத் தட்டு பயிற்சி நிலையைத் திறக்கும், அதே தட்டு மூடும்.

இரட்டைத் தட்டு பிந்திப் போகுதெண்டா வொய்ஸ்ஓவர் செட்டிங்ஸில இரட்டைத் தட்டு இடைவெளி 0.25 செக்கன் எண்டு இருக்கும், அதைக் கூட்டுங்க. நிறையக் கூட்டினா ஒவ்வொரு ஒற்றைத் தட்டுக்கும் ஐபேட் காத்திருந்து மந்தமாகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிப் பாருங்க. தமிழ்க் குரல் ஐபேடில 16ஆம் பதிப்பில இருந்து இருக்கு, அதுக்கு முந்தின பதிப்பெண்டா முதலில புதுப்பியுங்க.


ஏறாவூர்_உம்மா எழுதியது:

வெளிச்சம் வந்திட்டு, அல்ஹம்துலில்லாஹ். மற்றப் பிள்ளைகளும் இதே ஐபேடைப் பாவிக்கிறாங்க. ஒவ்வொரு தரமும் செட்டிங்ஸுக்குப் போய் அணைக்கிறது கஷ்டமா இருக்கு.


கல்லடி_பயிற்றுநர் எழுதியது:

அக்செசிபிலிட்டி குறுக்குவழியில வொய்ஸ்ஓவரை மட்டும் தெரிவு செய்து வைங்க. பிறகு ஹோம் பட்டனை மூண்டு தரம் அழுத்தினா அணையும், திரும்ப மூண்டு தரம் அழுத்தினா வரும். ஹோம் பட்டன் இல்லாத ஐபேடில மேல் பட்டன். குறுக்குவழியில இரண்டு வசதி தெரிவாகியிருந்தா ஒவ்வொரு தரமும் பட்டியல் ஒண்டு வந்து நிக்கும், அதால ஒண்டு மட்டும்.

டீச்சருக்கும் இதே தேவை வரும். சம்சுங்கில டோக்பேக் பக்கத்துக்குள்ளயே குறுக்குவழியைப் போட்டு, வொலியூம் கூட்டுற கீயையும் குறைக்கிற கீயையும் சேர்த்து மூண்டு செக்கன் பிடிங்க. கவர் இறுக்கமா இருந்து அந்தக் கீகளை அமத்தினா டோக்பேக் தானா அணையும், பிள்ளைக்குக் காரணமும் விளங்காது. கீ இருக்கிற இடத்தில கவரை வெட்டி விடுங்க, இல்லாட்டி குறுக்குவழியைப் பவர் கீயும் வொலியூம் கூட்டுற கீயும் சேர்ந்ததா மாத்துங்க.